பனை விதை போட்டாச்சு... பார்த்துக்கப் போறது யாரு?

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பனை மரத்தடிக்குப் போனால், பழம் விழுந்திருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். கறுத்துத் திரண்ட அந்தப் பழத்தை நெருப்பில் சுட்டு, நாரோடு சப்பிச் சாப்பிட்ட தலைமுறைக்கு அது ஒரு விருந்து. இன்றைய தலைமுறைக்கு அதே பழம் வேறு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. சாக்கு சாக்காகப் பனங்கொட்டை சேகரிக்கிறார்கள். குளக்கரையில் வரிசையாகக் குழி எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டு, மண்ணை மூடி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்க அதே படம்தான்.

நல்ல காரியம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காரைக்கால் மாவட்டத்து அம்பகரத்தூர் மாதிரியான ஓர் ஊரில், பத்ரகாளியம்மன் கோயில் பக்கம் டீ குடிக்க நிற்கிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். உடனே கட்சி பிரியும்.

"பனை நட்டா ஊருக்கே காவல் தம்பி. எந்தப் புயலுக்கும் சாயாது" என்பார் ஒருவர்.

"காவல் சரிண்ணே, நிழலு? பஸ்ஸுக்கு நிக்கிற புள்ளைங்க பனை மரத்துக்குக் கீழ நின்னா வெயில் போயிடுமா?" என்பார் இன்னொருவர்.

மூன்றாமவர் வாதமே பண்ண மாட்டார். "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்" என்று பழமொழியைச் சொல்லிவிட்டு, டீ கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாமவர் போகிற போக்கில் சொன்னதில்தான் முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

கஜா சொல்லிக்கொடுத்தது

காவல் என்று சொன்னவருக்குச் சாட்சி இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்தன. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். ஒரே ராத்திரியில் வாழ்க்கையே சாய்ந்துபோனது எத்தனையோ குடும்பங்களுக்கு. அதே வயல்வெளிகளில் வரப்போரத்துப் பனைகள் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தன. டெல்டாவில் பனைக்குத் திடீரென்று மரியாதை கூடியது அந்தக் காலையில் இருந்துதான்.

பனையின் தண்டு நல்ல வைரம் பாய்ந்தது. சல்லி வேர்கள் நாலா பக்கமும் நெருக்கமாகப் பரவி மண்ணைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வைக்க வேண்டாம், உப்புக் காற்றுக்கும் அஞ்சாது. குளக்கரை கரையாமல் இருக்க, வாய்க்கால் ஓரம் சரியாமல் இருக்க நம் முன்னோர்கள் பனையை வைத்தது சும்மா இல்லை.

அரசாங்கங்களும் இதைக் கவனித்தன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் மானியத்தில் தரப்படும் என்று அறிவித்தது. பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. 2023 அக்டோபரில் 14 கடலோர மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதைகளை நடும் பணி தொடங்கியது. ஒடிசா அரசோ 2024-ல் மின்னல் சாவுகளைக் குறைப்பதற்காகவே சுமார் 19 லட்சம் பனைகளை நட முடிவெடுத்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'பனை இருந்தால் மின்னல் வராது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தப்பு. உயரமாகத் தனித்து நிற்பதால் மின்னல் முதலில் பனையில் இறங்க வாய்ப்பு அதிகம். வயலில் நிற்கும் மனிதருக்குப் பதிலாகத் தூரத்துப் பனை வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் ஒடிசாவின் கணக்கு. அதனால் இடி இடிக்கும்போது பனை மரத்தடியில் மட்டும் ஒதுங்கவே கூடாது.

ஒரு கோடு தாண்டினால்

அம்பகரத்தூருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பேரளத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் வருகிறவர்களுக்குத் தெரியும். வயல் அதே வயல், வாய்க்கால் அதே வாய்க்கால், பேச்சும் அதே தஞ்சாவூர்ப் பேச்சு. ஆனால் எல்லையைத் தாண்டியதும் அரசாங்கம் வேறு. காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. சுற்றிலும் தமிழ்நாடு.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. புதுச்சேரியின் மரமோ வில்வம். 'ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டாதே' என்ற தமிழ்நாட்டின் கட்டுப்பாடு எல்லைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். கடலோரம் பூராவும் ஒரு கோடி விதை என்ற கணக்கும் தரங்கம்பாடியோடு நின்று, காரைக்கால் கரையைத் தாண்டி, நாகூரில்தான் மறுபடி தொடங்கும். மரத்துக்கு எல்லை தெரியாது. புயலுக்கும் தெரியாது. கோப்புக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விடுகிறது. 'கள்ளைத் திறந்துவிட்டால் பனை தானாகப் பிழைத்துக்கொள்ளும்' என்று தமிழ்நாட்டில் ஒரு சாரார் சொல்கிறார்கள். 'குடிக்கு இன்னொரு வாசல் எதற்கு' என்று மறுசாரார் கேட்கிறார்கள். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் சரி, கள்ளோ பதநீரோ, மரத்தின் மேல் ஏற ஆள் வேண்டும். அது இரண்டு பக்கத்துக்கும் பொது.

நிழல் கேட்டவர் சொன்னதும் நியாயம்

பனை எல்லா இடத்துக்கும் ஏற்ற மரம் இல்லை. இதைப் பனையை நேசிக்கிறவர்களே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், கடைத்தெரு, ஆஸ்பத்திரி வளாகம்... இங்கெல்லாம் தேவை நிழல். அதற்குப் புங்கை இருக்கிறது, வேம்பு இருக்கிறது, பூவரசும் நாவலும் இருக்கின்றன. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரிக் கருக்கு இருக்கும். காய்ந்த மட்டையும் கனத்த பழமும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. கரண்ட் கம்பிக்குக் கீழே பனை வைத்தால், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மின்துறை ஆட்கள் வந்து தலையை வெட்டுவார்கள். தலை போனால் பனை செத்தது. பக்கக் கிளை விட்டுப் பிழைக்கும் மரம் இல்லை அது.

கடற்கரை மணலிலும் யோசித்துத்தான் நட வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அலையைத் தடுக்க என்று கடலோரம் பூராவும் சவுக்கு வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அலை தொடும் இடம் வரை சவுக்கு வந்தால், பங்குனி ஆமை கரையேறிக் குழி தோண்டி முட்டையிட இடம் இருக்காது என்று சூழலியலாளர்கள் மறுப்புத் தெரிவித்தார்கள். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மணல் மேடு இயற்கையாகவே ஒரு தடுப்புச் சுவர். அதைச் சமப்படுத்திவிட்டு மரம் நடுவது, வீட்டுச் சுவரை இடித்துவிட்டுக் கதவு வைப்பது மாதிரி. பனைக்கும் இதே பாடம்தான். மணல் மேட்டுக்குப் பின்னால் நடலாம். மணல் மேட்டின் மேல் வேண்டாம்.

மிலன் முதல் மயாமி வரை

பனை எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பனி விழும் ஊர்களிலும் இது நடக்கிறது.

சீனாவைச் சேர்ந்த ஒரு வகைப் பனை உறைபனியையும் தாங்கும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அதன் மேல் தனி ஆசை. இத்தாலியின் மிலன் நகரில் 2017 பிப்ரவரியில், பேராலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் அதை வரிசையாக வைத்தார்கள். கூடவே வாழையும். 'இது என்ன ஆப்பிரிக்காவா?' என்று ஒரு கூட்டம் எதிர்த்துக் கிளம்பியது. ஒரு ராத்திரி யாரோ மரங்களுக்குத் தீயே வைத்துவிட்டார்கள். 'பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தச் சதுக்கத்தில் பனை இருந்ததய்யா' என்று இன்னொரு கூட்டம் பழைய படங்களைக் காட்டியது.

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் கதையே வேறு. தோட்டத்து அழகுக்கு வைத்த அதே பனையின் விதைகளைப் பறவைகள் தின்று காட்டில் போட, தெற்குப் பகுதிக் காடுகளுக்குள் அது புகுந்து பரவிவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அதை விற்கவே அங்கே தடை. அமெரிக்காவின் மயாமி பீச் நகரமோ தன் அடையாளமான பனைகளையே குறைக்க முடிவு செய்தது. ஊர் மரங்களில் பாதிக்கு மேல் பனை இனம்; வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது; நிழல் போதவில்லை. 2050-க்குள் பனைகளின் பங்கைக் கால்வாசியாக்கி, மற்ற இடத்தில் நிழல் மரம் வைப்பது என்று 2020-ல் திட்டம் போட்டார்கள்.

நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலிலும், ஓட்டல் முகப்பிலும், மனைப்பிரிவுகளின் நுழைவாயிலிலும் நிற்கிறதே 'ராயல் பாம்', 'பாட்டில் பாம்'... அதுவும் இந்த அழகு ஆசையின் உள்ளூர்க் கிளைதான். அதில் நுங்கும் கிடைக்காது, நிழலும் கிடைக்காது. தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 'பனை இனம்தானே' என்று அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆக, எந்த ஊரானாலும் கேள்வி 'பனை பிழைக்குமா' என்பது இல்லை. பனை பிழைத்துக்கொள்ளும். எந்த இடத்தில், எதற்காக, யாருடைய பொறுப்பில் என்பதுதான் கேள்வி.

மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது

இப்போது அந்த மூன்றாமவரிடம் வருவோம்.

பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முளை மேலே வராது. முதலில் கீழே போகும். ஒன்றரை, இரண்டு அடி ஆழம் இறங்கிக் கிழங்கு கட்டும். பொங்கலுக்கு நாம் வேகவைத்துச் சாப்பிடுகிறோமே, அதே பனங்கிழங்குதான். தோண்டாமல் விட்டால்தான் அது கன்றாகும். பல மாதம் கழித்து, புல்லோடு புல்லாக ஒற்றை ஓலை எட்டிப் பார்க்கும். முதல் சில வருஷங்களுக்கு அது ஒரு மரக்கன்று என்றே தெரியாதவர்களுக்குத் தெரியாது. பிறகு வடலி. பாளை விட எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், இருபதும் ஆகலாம். அப்போதுதான் அது ஆணா பெண்ணா என்பதே தெரியும். பெண் பனையில்தான் நுங்கு. ஆண் பனை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பதநீர் அதிலும் இறக்கலாம். கார்த்திகைக்குப் பிள்ளைகள் சுற்றும் மாவலிக்குக் கரி கொடுப்பது ஆண் பனையின் பூக்கதிர்தான்.

அந்தப் பதினைந்து வருஷத்தில் என்னென்ன வரும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் வருஷம் ஆடு மாடு மிதிக்கும். கோடையில் கரைப் புல்லுக்கு யாராவது தீ வைப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நல்ல எண்ணத்தோடு வரும் பொக்லைன். மேட்டூர் அணை திறக்கும் நேரத்தை ஒட்டி டெல்டாவில் வாய்க்கால் தூர்வாருவார்கள். குளமும் ஆழப்படுத்துவார்கள். வண்டி கரை மேல் ஏறி, வாரிய சேற்றை அதே கரையில் கொட்டிப் பட்டையாகத் தேய்த்துவிட்டுப் போகும். போன ஆவணியில் போட்ட விதையெல்லாம் அடியில் புதைந்துபோகும். ஓட்டுநர் மேல் தப்பில்லை. அங்கே பனை முளைத்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆவணியில் அதே கரையில் புதிதாகக் குழி, புதிதாக விதை, புதிதாக ஒரு போட்டோ!

இதற்கெல்லாம் தப்பி வளர்ந்த பழைய மரங்களுக்கும் எமன் உண்டு. செங்கல் சூளை. பல ஊர்களில் நூறு வருஷப் பனை ஒரு நாள் எரிபொருளாகப் போனதைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் அந்த அனுமதி விதியே வந்தது.

கேட்க ஓர் ஆள்

கரை ஊர்ப் பொது. விதை போட்டவர்கள் தன்னார்வலர்கள், மாணவர்கள். அடுத்த வருஷம் அவர்கள் வேறு ஊரில், வேறு கல்லூரியில். அப்படியானால் பதினைந்து வருஷத்துக்கு அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்?

'பஞ்சாயத்து' என்று உடனே பதில் வரும். காரைக்கால் பகுதியில் அது கொம்யூன் பஞ்சாயத்து. அம்பகரத்தூர், திருநள்ளாறு கொம்யூனில் வரும். ஆனால் புதுச்சேரிப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதுவே 38 வருஷம் கழித்து நடந்த தேர்தல். அப்போது வந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு எல்லாம் அதிகாரிகள் நிர்வாகம்தான்.

அதிகாரிகள் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. விதை நடும் விழாவுக்கு ஆர்வத்தோடு வருகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர், பதினைந்து வருஷத்தில் பாளை விடும் மரத்துக்கு எப்படிப் பொறுப்பேற்க முடியும்? 'எங்க கரையில வண்டிய ஏத்தாதீங்கய்யா, பனை முளைச்சிருக்கு' என்று குறுக்கே நின்று சொல்ல, ஊர்க்காரர் ஒருவருக்கு அந்த உரிமை வேண்டும்.

பழைய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. காரணம், ஒவ்வொரு பனைக்கும் ஒரு வயிறு காத்திருந்தது. தளை போட்டு ஏறியவருக்குப் பதநீர். காய்ச்சிய அவர் வீட்டுப் பெண்களுக்குக் கருப்பட்டி. ஓலை கூரைக்கு, நார் கட்டிலுக்கு, மட்டை வேலிக்கு, கொட்டை கிழங்குக்கு. குரும்பையைச் சீவி எடுத்த கூந்தலில் பையன்களுக்கு நுங்கு வண்டி! ஒரு மரம் சாய்ந்தால் ஒரு வீட்டில் உலை நிற்கும். அதனால் காவலுக்கு ஆள் போட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சங்கிலி அறுந்ததில்தான் பனையின் துயரம் தொடங்கியது. பருவம் முழுக்கக் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கால் வழுக்கினால் உயிர் போகும், அல்லது இடுப்பு போகும். அத்தனைக்கும் கிடைத்தது குறைந்த கூலி; அதற்கு மேல், தொழிலைச் சொல்லிச் சாதியாகப் பார்க்கும் பார்வை. எந்த அப்பா தன் பிள்ளையை அதில் விடுவார்? இலங்கையில் 1978-லேயே இதற்கென்று பனை அபிவிருத்திச் சபை என ஒரு தனி அமைப்பை உருவாக்கினார்கள். மரம் மட்டும் போதாது, மரத்தை நம்பி ஒரு தொழிலும் அதற்கு ஒரு சந்தையும் வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

இந்த ஆவணிக்கு

பெரிய திட்டம் எல்லாம் வேண்டாம். அம்பகரத்தூர் அளவுக்கு ஓர் ஊரே செய்துகொள்ளக் கூடியவை இவை.

விதை போடும் முன்பே கரையை எண்ணிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு, அல்லது ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பத்துப் பனை. நுங்கு, ஓலை, பழம் அவர்களுக்கே என்று ஊர்க் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் விதை போட்டோம் என்ற பெருமையைவிட, நூறு விதைக்குப் பெயர் சொல்லி ஆள் இருப்பது மேல்.

புதிதாக விழுந்த, பூச்சி அரிக்காத பழத்தின் கொட்டையாக எடுங்கள். மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி விடுங்கள். முடிந்தவரை விதையை நேரடியாக ஊன்றிவிடுவதே நல்லது. கிழங்கு ஆழமாக இறங்குவதால், ஓரிடத்தில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. கரையின் உச்சியில் வேண்டாம். பொக்லைன் ஏறும் பாதை அது. வெளிச்சரிவில் போடுங்கள். விதை போட்ட இடத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். தூர்வார வருகிற ஓட்டுநருக்கு அது போதும்.

பஸ் நிறுத்தத்தில் புங்கை வையுங்கள். நிழல் கேட்டவருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று.

அடுத்த ஆவணியில் புதிய விதைக்குப் போகும் முன், போன வருஷக் கரையில் ஒருமுறை நடந்து, எத்தனை ஒற்றை ஓலை தலைகாட்டுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். குரூப் போட்டோவைவிட அதுதான் ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

பனை வைத்தவன் பார்த்துட்டுச் சாவான் என்று அந்தப் பெரியவர் அலுப்போடுதான் சொல்லிவிட்டுப் போனார். பலன் கைக்கு வராது, மரத்தைப் பார்க்க மட்டும்தான் முடியும் என்பது அவர் கணக்கு. ஆனால் குளக்கரைகளில் இன்றைக்கு நிற்கிற ஒவ்வொரு பனையையும் அப்படி யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். ஆடு மேயாமல், தீ படாமல், வடலியாகும் வரை பார்த்திருக்கிறார். அவர் சாப்பிடாத நுங்கைத்தான் நாம் சித்திரை வெயிலில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.